ஒரு மாத்திரை தாமதம்

காலை 6 மணிக்கு நான் மிருதங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்போது நியூ ஜெர்சியில் முந்தின நாள் இரவு எட்டரை. பையன் சாப்பிட்டு முடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைக்கு வருவான். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் வகுப்பு 7 மணிக்குத் தள்ளிப்போகும். மார்ச்சில் பழையபடி 6. அவர்கள் ஊர்க் கடிகாரத்துக்காக என் வீட்டுக் காபி நேரம் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறுகிறது.

இணையத்தில் நான் முதல் பாடம் எடுத்தது 2009இல், ஸ்கைப்பில். வேறொரு பையன். தத், தித், தொம், நம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நான் வாசிப்பேன், நிறுத்துவேன், அவன் வாசிப்பான். நாலைந்து மாதம் கழித்து ஆதி தாளத்தில் ஒரு சின்னத் தீர்மானம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'நான் தாளம் போடறேன், நீ வாசி' என்றேன். அங்கேதான் தகராறு ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பிந்தி வருகிறான். 'இழுக்காதேடா' என்று ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்து, 'சார், இங்கே சரியாத்தான் விழறது' என்றார்.

அவர் சொன்னது உண்மை. நான் கேட்டதும் உண்மை. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் நியூ ஜெர்சிக்கும் நேர்க்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். போய்வர 0.13 வினாடி, அதற்குக் கீழே குறைக்கவே முடியாது. கேபிள் சுற்றி வருவது, நடுவில் உள்ள இயந்திரங்கள், படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலை எல்லாம் சேர்ந்தால் கால் வினாடி சர்வ சாதாரணம். நிமிஷத்துக்கு 72 தட்டு என்ற மத்திம காலத்தில், தட்டுக்கு நாலு மாத்திரை வரும் சதுச்ர நடையில், ஒரு மாத்திரையின் அளவு 0.21 வினாடி. ஆக ஒரு மாத்திரை முழுசாகக் கடலில் போய்விடுகிறது. எதிரே ஏழடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சிஷ்யனுக்கு என் தாளம் போய்ச் சேர ஆகிற நேரம் ஒரு வினாடியில் 100இல் ஒரு பங்கு கூட இல்லை. கடல் தாண்டும் இந்தத் தாமதத்தை எந்தக் கம்பெனியும் வேகமான இணைப்பு கொடுத்துச் சரிசெய்துவிட முடியாது.

கும்பகோணத்தில் என் வாத்தியார் பாடம் சொன்ன விதத்தில் பாதி, 'கூட வாசி' என்கிற இரண்டு வார்த்தைதான். அவர் வாசிப்பார், நாங்களும் வாசிப்போம். எது தப்பு என்று சொல்லமாட்டார். அவர் கை போகிற போக்கில் நம் கையும் ஒரு நாள் போய்விடும். தாளம் அவர் தொடையில் விழும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். இணையத்தில் கூட வாசிக்க முடியாது என்று தெரிந்த அன்று, பாதிப் பாடம் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் அந்தப் பையனை வைத்துக்கொண்டு வெறுமனே திணறினேன்.

வேறு வழியில்லாமல் தாளத்தை அந்தப் பக்கமே கொடுத்துவிட்டேன். முதலில் மிருதங்கம் கிடையாது. கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும், கொன்னக்கோல். தகதிமி, தகிட, தகதகிட, எது வந்தாலும் வாய் பிசகாமல் சொன்ன பிறகுதான் வாத்தியத்தைத் தொடலாம். வாசிக்கும்போது தாளம் போட அங்கே ஒரு ஆள் வேண்டும். அம்மா உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் அந்த அம்மா சதுச்ரத்திலிருந்து திச்ரத்துக்கு நடை மாறினால்கூடக் கை தடுமாறாமல் போட ஆரம்பித்துவிட்டார். பையன் பிற்பாடு கல்லூரிக்குப் போய் மிருதங்கத்தை விட்டுவிட்டான். அவர் இன்றும் கச்சேரிகளில் தாளம் போட்டுக் கேட்பதாகச் சொல்கிறார்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், என் தொடையைப் பிடித்துத் தொங்காத பிள்ளைகளுக்குத் தாளம் உள்ளுக்குள் கெட்டியாக இருக்கிறது. என் வாத்தியாரின் தாளம் இல்லாமல் முதல் தடவை மேடையில் உட்கார்ந்தபோது நான் பட்ட பாடு இவர்களுக்கு இல்லை. இன்னொன்றும் நடந்தது. கையால் காட்ட முடியாததை வாயால் சொல்லியாக வேண்டியிருந்தது. 'நம்' அடிக்கும்போது மோதிர விரல் கரணையின், அந்தக் கறுப்பு வட்டத்தின், ஓரத்தில் எவ்வளவு பட வேண்டும்? வாத்தியார் வெற்றிலைக் காம்பால் என் விரலை அரை நூல் தூக்கிவிட்டுப் போவார், அவ்வளவுதான். அந்த அழுத்தம் கேமராவில் தெரியாது. 'ஈ உட்கார்ந்த மாதிரி' என்று சொல்லிப் பார்த்தேன். அந்த ஊர்ப் பிள்ளை ஈயை அவ்வளவாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கடைசியில், 'போன் திரையைத் தொடுவாயே, அதைவிட லேசாக' என்றதும் விரல் சரியாக உட்கார்ந்தது.

தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு, ரவை போடுவது தனிக் கதை. தொப்பியின் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டினால்தான் கனமான நாதம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நேரில் இது பாடமே இல்லை, பார்த்தாலே வந்துவிடும். இப்போதைய பையன் முதல் வாரம் உப்புமா பதத்தில் ஒட்டினான், பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த வாரம் தோசை மாவு மாதிரி வழிந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் தோல் காய்ந்து வலது பக்கத்து வலந்தலை சுருதி ஏறிவிடும். இறக்குவதற்குக் கல்லும் கட்டையும் வைத்துத் தட்ட அந்தச் சின்னக் கைக்குப் பயம். அதனால்தான் வார் பிடித்த மிருதங்கத்துக்குப் பதிலாக போல்ட் வைத்தது வாங்கச் சொன்னேன். ஸ்பேனரால் திருகிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்தால் வாத்தியார் என்ன சொல்லியிருப்பாரோ.

யூடியூபைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில் சொல்வதில்லை. நாங்கள் ஒரு கோர்வைக்காகச் சபா வாசலில் நின்றோம். கச்சேரி முடிந்து பஸ்ஸில் வரும்போது மறந்துவிடக் கூடாதே என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வருவோம். இன்று அதே தனி ஆவர்த்தனத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நாற்பது தடவை கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கணக்கு அத்தனையும் சரியாக இருக்கும். தஞ்சாவூர் பாணியில் எடுத்து நடுவில் புதுக்கோட்டைப் பாணிக்குத் தாவி இன்னொன்றில் போய் முடிப்பார்கள். 'இது யார் வழிடா?' என்றால், 'மூணு வீடியோ சார்' என்று பதில் வரும்.

ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். ஊரில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. போனைப் பார்த்தே மூன்று வருஷம் வாசித்திருக்கிறான். லயம் அப்படியொரு லயம். அந்தப் போன் இல்லாவிட்டால் அவன் மிருதங்கத்தையே தொட்டிருக்கமாட்டான். சாப்பு மட்டும் தப்பான விரலில் வாசித்தான். சுண்டுவிரல் வர வேண்டிய இடத்தில் மோதிர விரல். சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால் மூன்று வருஷமும் அவனுக்குத் தெரியவில்லை, சொல்லவும் யாரும் இல்லை. அந்த ஒரு விரலை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதமும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நியூ ஜெர்சிப் பையன் ஒரு நாள் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினான். பார்த்தால் வலந்தலை இடது கையில். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர்தான். அந்தத் தொப்பி நாதத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனவர்கள் உண்டு. அதற்காக ஒரே ராத்திரியில் கை மாறுமா? கூப்பிட்டுக் கேட்டேன். செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிப் பதிந்திருக்கிறது. இருவரும் சிரித்தோம். அதன் பிறகு எந்தப் பதிவு வந்தாலும் முதலில் சட்டையில் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பையன் ஒரு டிசம்பரில் சென்னைக்கு வந்தான். நாலு வருஷம் பாடம் எடுத்த பிள்ளையை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. எதிரே உட்கார வைத்து, 'கூட வாசி' என்றேன். நான் ஆரம்பித்தேன், அவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். நான் நிறுத்தினால்தான் அவன் வாசிக்க வேண்டும் என்று பழக்கம். 'இல்லடா, இப்பவே, என்னோட' என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கிச் சேர்ந்தான். அரை ஆவர்த்தனம் போனதும் சட்டென்று நிறுத்திவிட்டான்.

'சார், இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?'

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியில் தட்டி, உள்ளங்கை அடியால் தேய்த்துக் கொடுக்கிற கும்கி. நாலு வருஷமாக ஒவ்வொரு பாடத்திலும் அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடி நாதம் வராது. நீண்டு ஒலிக்கிற எதையும் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடும். அதற்குத்தான் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நான் போடாத நாள் இல்லை. போட்டும் இவ்வளவுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் இத்தனை நாள் என் கை அசைவைப் பார்த்து அசைத்திருக்கிறான், என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமலே.

அவன் கையை எடுத்து என் மிருதங்கத்தின் கட்டைமேல் வைத்து, மறுபடி வாசித்தேன். பலா மரம் அதிர்வது உள்ளங்கையில் ஏறும். அன்று பாடம் அவ்வளவுதான் நடந்தது. தொப்பி மட்டும், ஒன்றரை மணி நேரம். போகும்போது, 'பதிவு பண்ணிக்கட்டுமா சார்?' என்று போனை நீட்டினான். பண்ணிக்கொள் என்றேன். ராத்திரி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: 'போன்ல வரல சார்.'

ஜனவரியில் ஊர் திரும்பி, சனிக்கிழமை காலை 7 மணிக்குத் திரைக்கு வந்தான். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே தொப்பியைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டினான். ரவை பதம் சரியாக இருந்தது.