தேறலும் கறியும்

மதுவைப் பற்றி எழுதுபவனைக் குடிகாரன் என்பார்கள். சங்க இலக்கியத்தைப் பற்றி எழுதுபவனைப் பண்டிதன் என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் புறநானூற்றின் 56ஆம் பாடல். யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊற்றித் தர, நாள்தோறும் அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அது இத்தாலியதா, சிவந்ததா என்று பாடல் சொல்வதில்லை. ஆனால் மண் கொஞ்சம் சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது மது ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கிரேக்கத்தின் காஸ் தீவு, இத்தாலியின் கம்பானியா ஆகிய இடங்களின் ஜாடிகளும் அவற்றில் உண்டு என்று பின்னர் அடையாளம் கண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி நூல், பரிகசா துறைமுகத்துக்குப் போகும் மதுவில் இத்தாலிய மதுவுக்கே முதலிடம் என்கிறது. முசிறிக்கும் மது வந்தது, அதிகமில்லை என்கிறது.

இதைக் குடித்தவர்கள் உடன் என்ன தின்றார்கள்? பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்து பதிவாகியிருக்கிறது. புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் வேகவைத்த தொடை. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி. இரவும் பகலும் தின்று, கொல்லை உழுத கொழுவைப் போலப் பல் தேய்ந்துவிட்டது என்கிறான் பொருநன். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்திலோ பரதவர் தேறலோடு சுட்ட மீன் தருகிறார்கள்.

மிலானில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒருமுறை கியாந்தி பாட்டில் ஒன்றை ரெட்டிபாளையத்துக்குக் கொண்டுவந்தார். டஸ்கனி மலைகளின் சாஞ்சியோவேசே திராட்சையில் செய்த சிவப்பு மது. புளிப்பும் துவர்ப்பும் தூக்கலானது. அன்று வீட்டில் மிளகாய் அரைத்துவிட்ட கோழிக் குழம்பு. ஒரு மடக்கு குடித்ததும் நாக்கு பற்றியெரிந்தது. மிளகாயின் காரத்தை மதுவின் சாராயம் பெருக்கிவிடும். துவர்ப்பு அதன்மேல் உப்புத்தாளால் தேய்க்கும். மறுநாள் அம்மா ஆட்டுக்கறியை மிளகும் உப்பும் மட்டும் போட்டு வறுத்தார். அதே மது பழச்சாறுபோல இறங்கியது. துவர்ப்பு நாக்கில் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டு போகிறது. கறியின் புரதமும் கொழுப்பும் அதை ஏற்றுக்கொண்டால் வாய்க்கு விடுதலை. ஃபிளாரன்சில் கனத்த மாட்டிறைச்சித் துண்டைக் கரியில் சுட்டுக் கியாந்தியோடு தின்பதும் இதனால்தான்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது. அதே கண்டத்துத் தக்காளி இத்தாலிக்குப் போனது. தக்காளியின் புளிப்பும் கியாந்தியின் புளிப்பும் ஒத்துப்போயின. இங்கே மிளகாய், யவனர் தேறலுக்குக் கதவைச் சாத்தியது. கரிகாலனின் சமையற்கட்டில் மிளகாய் இல்லை. கறி என்றால் அன்று மிளகு. பொன்னோடு வந்த யவனர் கப்பல் கறியோடு திரும்பியதாக அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. எதிரெதிர்த் திசையில் கடல் கடந்த இரண்டு சரக்கும் ஒரே இலையில் அமர்ந்தால் பொருந்துகின்றன.

கியாந்தி மலைகளில் சுண்ணாம்புப் பாறை உண்டு. ரெட்டிபாளையத்தைச் சுற்றியும் சுண்ணாம்புக்கல்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடல் விட்டுச்சென்றது. அங்கே அது கொடிக்கு வேர்மண். இங்கே சிமெண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. அதியமான் ஔவையோடு பகிர்ந்துகொண்ட கள்ளை எங்கள் ஊர்ப் பனையிலிருந்து இறக்கினால் குற்றம். 1987 முதல் தடை. இத்தாலிய மதுவோ அரசுக் கடையிலேயே கிடைக்கும். கடல் கடந்த தேறலை மன்னனுக்கு வாழ்த்தாகச் சொன்ன நக்கீரர் காலத்தில் உள்ளூர்க் கள்ளும் அதே விருந்தில் இருந்தது. நாம் விருந்தாளியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்காரனை வெளியே நிறுத்தியிருக்கிறோம்.