சாய்வை அளந்தறிவோம்

பேராக் மாநிலப் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குச் சாய்வின் அருமை புதிதன்று. ஒட்டுமரப் பட்டையில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கோடு வெட்டுவர். சாய்வு குறைந்தால் பால் மங்கை அடையாமல் வழிந்துவிடும். மிகுந்தால் பட்டை வீணாகும். ஆதலால் தகட்டு அச்சை வைத்துக் குறித்த பின்னரே கத்தி மரத்தில் பட்டது.

இல்லத்தில் வைத்து விளையாடும் பின்பால் பொறிக்கும் இந்நெறி பொருந்தும் என நாம் வகுப்பில் கூறுவதுண்டு. அதன் ஆடுதளம் ஏறத்தாழ 6.5 பாகை சாய்ந்திருத்தல் நலம். குறைந்தால் குண்டு சோம்பி உருளும். மிகுந்தால் விரைந்து விழும்.

முதலில் குமிழ்மட்டத்தைக் குறுக்கே வைத்து, இடமும் வலமும் சமமாக்குக. பின்னர் 50 செ.மீ. கோல் ஒன்றின் ஒரு முனையைத் தளத்தின் மேற்பகுதியில் ஊன்றி, கோலை மட்டமாகப் பிடித்திடுக. மறுமுனையின் கீழ் 5.7 செ.மீ. இடைவெளி இருப்பின் சாய்வு சரி. இன்றேல் கால்களின் திருகைச் சுழற்றித் திருத்துக. பொறி இல்லாதோர் பலகையில் ஆணியடித்து, கோலிக்குண்டை உருட்டிக் கற்கலாம்.

பால்மரக் காடுகள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. மரம் சீவிய நம் முன்னோரின் அளந்து செய்யும் பழக்கமேனும் நம் பிள்ளைகளிடம் நிலைத்து வாழ்க!