விண்வெளியில் முளைத்த தட்டைப்பயறு: தும்பாவுக்கு ஒரு பயணம்

நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். அங்கிருந்து பஸ்ஸில் தும்பா பக்கம்தான். வீட்டில் ராக்கெட் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால், ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி அழைத்துப் போய் வரலாம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனோடு நான் போய் வந்தேன்.

தும்பா மணலும் தென்னையும் நிறைந்த மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு இதன் அருகே செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடமென்று விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மேரி மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா வழிபாட்டுக்கு வந்த மக்களிடமே கேட்டார். மக்கள் சம்மதித்து இடத்தைக் கொடுத்தார்கள். தேவாலயம் அலுவலகமானது, ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்தது. இன்று அந்தத் தேவாலயம்தான் விண்வெளி அருங்காட்சியகம்.

"இடம் கொடுத்தவங்களுக்கு என்ன கிடைச்சுது சித்தப்பா?" என்று பையன் கேட்டான்.

நியாயமான கேள்வி. பிறந்த மண்ணை விட்டவர்களுக்கு முழு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் இன்று புயல் வருமுன் மீனவர் கரை திரும்புவதற்கும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் பார்த்து நாம் உரமிடுவதைத் தள்ளிப் போடுவதற்கும், இன்சாட் செயற்கைக்கோள்கள் அனுப்பும் மேகப் படங்கள் உதவுகின்றன. அதன் தொடக்கம் இந்த மணலில்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஒரு சிறு பெட்டியில் எட்டுத் தட்டைப்பயறு விதைகளை வைத்து, 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அனுப்பியது. நான்கு நாளில் விதைகள் முளைத்தன. பிறகு இலையும் விட்டன. நம் வயலில் விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழே போகும். ஊற்றும் தண்ணீரும் கீழே இறங்கும். எடையற்ற இடத்தில் மேல், கீழ் என்பதே இல்லை. தண்ணீரும் இறங்காது, ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே முளைக்க வைப்பது பெரிய காரியம். 2025-ல் சர்வதேச விண்வெளி நிலையம் சென்ற சுபான்ஷு சுக்லாவும் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவிட்டுப் பார்த்தார். ககன்யான் பயணத்துக்குப் பயிற்சி பெற்ற நால்வரில் அவரும் ஒருவர். அந்த நால்வரின் பெயர்களும் 2024 பிப்ரவரியில் தும்பாவில்தான் அறிவிக்கப்பட்டன.

ஞாயிறு காலை சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். பக்கத்திலேயே விமான நிலையம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ராஜீவ் காந்தி அகாடமியும் இங்குதான் உள்ளது. மதியம் பிரியதர்சினி கோளரங்கம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது: இஸ்ரோ 'யுவிகா' என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரப் பயிற்சி நடத்துகிறது. தும்பா மையமும் அதில் ஒன்று. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு, பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கும் தனி மதிப்பெண் தருகிறார்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ செலவு. ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பு வரும். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தும்பா கிளம்புமுன் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கிராமத்துப் பள்ளி என்று தயங்க வேண்டாம். இந்தப் பயிற்சியில் அதற்கே மதிப்பெண் இருக்கிறது.