ஆறுமணிக் குருவி வரும் காலம்

அரநாயக்க என்றதும் பலருக்கும் 2016 மே 17ஆம் திகதிதான் நினைவுக்கு வரும். அன்று சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களின் மேல் இறங்கியது. நூற்றுக்கும் அதிகமானோர் மண்ணுக்குள் போனார்கள். வேலை நிமித்தம் நான் அடிக்கடி போகும் ஊர் அது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் பறவை பார்ப்பதற்கென்றே போனேன்.

வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சகோதரிகள் நினைக்கலாம். இங்கிலாந்தில் இலையுதிர் காலம் வந்தால் தொலைநோக்கியும் தேநீர்ப் போத்தலுமாக வயல்வெளிக்குப் போவார்கள். கோடைப் பறவைகளை வழியனுப்பும் காலம் அங்கே. நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் அதே மாதங்களில் வடக்கேயிருந்து பறவைகள் நம் நாட்டுக்கு வந்து சேர்கின்றன. வீட்டு வாசலில் நின்றாலே பார்க்கலாம். காசு செலவில்லை.

மாவனல்லையில் பஸ் மாறி, காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினேன். மகளிர் குழுவில் நான்கு பேர், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருவர், இரவல் தொலைநோக்கி ஒன்று, ரொட்டியும் சம்பலும். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம். ஓடைக் கற்களில் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. இறப்பர் மரங்களுக்கிடையே நீண்ட வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் பறந்தது. வெள்ளையாக வருவது இந்தியாவிலிருந்து வரும் ஆண். நம் நாட்டிலேயே இருப்பதன் ஆண் செம்பழுப்பாகவே இருக்கும்.

நாங்கள் தேடியது ஆறுமணிக் குருவியை. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் கீழே சிவப்பு, கண்ணில் பட்டையாகக் கறுப்பு மை. வால் இருக்கிறதா என்று கேட்குமளவு குட்டையானது. வட இந்தியாவில் நவரங் என்கிறார்கள். ஏறக்குறைய அறுபது கிராம்தான் உடம்பு. இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரிப்பவை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து இங்கே வருகின்றன. வந்த களைப்பில் வழி தவறி வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். அப்படி வந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, பூனை அண்டாமல் பார்த்து, பொழுது சாயும்போது மரத்தடியில் விட்டால் போதும்.

குழுவில் ஒருவர் தங்கையைப் பார்க்க வந்திருந்தார். இதே தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பின் பெற்றோர் வவுனியாவுக்குக் கூட்டிப்போனார்கள். 2009இல் கணவரை இழந்து, பிள்ளைகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்தவர். மத்தியானம் மழை வந்தது. சிங்கள அக்காவின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, பார்த்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் பலா மரத்தடியில் சருகுகள் புரண்டன. குருவி புழு தேடிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"இது எனக்குத் தெரியும் மிஸ். கேம்ப்ல இருக்கறப்ப பின்னேரம் கம்பிக்கு அந்தப் பக்கம் கத்தும். மணிக்கூடு எல்லாம் எங்க இருந்துச்சு? இது கத்தினா அடுப்ப மூட்டுவோம். ஒரு நாளும் ஆளைப் பார்த்ததில்ல."

சிங்கள அக்கா தன் பாட்டி சொன்ன கதையைச் சொன்னார். மயிலின் உடுப்பு முன்பு இந்தக் குருவியுடையதாம். குளிக்கும்போது மயில் களவெடுத்துப் போட்டுக்கொண்டதாம். அன்றிலிருந்து இது காலையும் மாலையும் முறைப்பாடு சொல்கிறதாம். நான் தமிழில் சொன்னேன். அந்த அக்கா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தன ஆபீஸ் ஏறியிருக்கும்" என்றார். மொழிபெயர்த்ததும் சிங்கள அக்காவும் சிரித்தார். அவருடைய அண்ணன் குடும்பம் சாமசர மண்ணுக்குள்தான் இருக்கிறது.

ஆறு மணிக்குச் சற்று முன் பலா மரத்துப் பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டது. தேயிலைப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். "கொஞ்சம் இருங்க மிஸ், இன்னும் கத்தி முடியல்ல" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.