கொடியின் நிறம், கொடியில் உயிர்

மழை சற்றே ஓய்ந்த காலை. கர்நாடகத்தின் ஆகும்பேயிலிருந்து சோமேஸ்வராவுக்கு இறங்கும் மலைப் பாதை. மர உச்சிகளுக்கு மேலே ஒரு சிறு பறவை மிதந்து போகிறது. கறுப்பு முன்சிறகு, தகதகக்கும் மஞ்சள் பின்சிறகு. பாதையோரப் பூவுக்கு இறங்கி வரும்போதுதான் அது வண்ணத்துப்பூச்சி என்பது தெரிகிறது. பெயர் 'சதர்ன் பேர்ட்விங்'.

தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இதற்கு வீடில்லை. உடலோரத்தில் சிவப்பு, சிறகில் மஞ்சள்: கன்னடக் கொடியின் அதே நிறங்கள். கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி இது. 1932ல் பிரிகேடியர் எவன்ஸ் பதிவு செய்த ஒன்றின் சிறகு விரிப்பு 190 மி.மீ. இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பட்டம் 2020 வரை இதனிடமே இருந்தது. உத்தராகண்டின் டிடிஹாட்டில் கிடைத்த 194 மி.மீ. உறவுக்காரி அதைத் தட்டிப் பறித்தாள்.

இத்தனை ஆடம்பரமும் ஒரு சாதாரணக் கொடியை நம்பியே நிற்கிறது. ஈஸ்வரமூலியையும் அதன் குடும்பச் செடிகளையும் தேடிப்போய், ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது தாய்ப்பூச்சி. வேறு இலையைப் புழு தொடாது. கொடியிலுள்ள நஞ்சு புழுவைக் கொல்வதில்லை. அதன் உடலில் சேர்ந்து காவலாகிறது. சிறகு முளைத்த பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. உடலின் சிவப்பு, பறவைகளுக்கு எச்சரிக்கைப் பலகை.

சிக்கலும் அந்தக் கொடியில்தான். ராஜநாகத்துக்குப் பேர்போன ஊர் ஆகும்பே. பாம்புக்கடிக்கு ஈஸ்வரமூலி வேர் என்பதோ நாட்டின் பல பகுதிகளில் நிலவும் பழைய நம்பிக்கை. மருந்துக்காக வேரோடு தோண்டினால், அந்த இடத்தில் அடுத்த தலைமுறைப் புழுவுக்கு உணவில்லை.

தோண்டியவருக்கும் லாபமில்லை. இக்குடும்பச் செடிகளின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஈஸ்வரமூலி இனச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002ல் அறிவித்தது. கடிபட்டவரைக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரியும் விஷமுறிவு ஊசியும்தான்.

இதைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்த சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸ் இருக்கிறது. மண்வெட்டியைத் தடுக்க எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனால் வழி எளிது. வேலியோரக் கொடியை விட்டுவைத்தால் போதும். காட்டை ஒட்டிய வீட்டுத் தோட்டத்துக்கும் தேடி வந்து முட்டையிடும், கர்நாடகத்தின் இந்தப் பறக்கும் கொடி.