அரை வாட்டுக்கும் வேலி வேண்டும்

உள்ளங்கையில் அடங்கிவிடும் பலகை. இரண்டு டிரான்சிஸ்டர், எட்டுக் கால் ஐசி ஒன்று, 7.023 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, சில்லறையாகச் சில கெப்பாசிட்டர்கள், ரெசிஸ்டர்கள். ஈயம் வைத்து ஒட்டி, 12 வோல்ட் கொடுத்தால் கடல் தாண்டிப் பேசும் வானொலி தயார். பேசும் என்றால் வாயால் இல்லை, மோர்ஸ் குறியீட்டில். ‘பிக்ஸி’ என்பது இதன் பெயர். உலகெங்கும் ஹாம் வானொலிக்காரர்கள் விளையாட்டாகச் செய்து பார்க்கும் கருவி. இணையத்தில் முப்பது வெள்ளிக்கும் குறைவாகவே எனக்குக் கிடைத்தது.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோர்ஸ் தேர்வெழுதி, 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கிப் பல வருடமாகிறது. விலை உயர்ந்த கருவிகளையும் தொட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் பாலோவில், மதிய மழை கொட்டி ஓய்ந்த பிறகு, இந்தச் சின்னப் பலகையோடு உட்காரும் சுகம் அவற்றில் இல்லை. (இடி இருக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். குளுவாங் வட்டாரத்து மின்னலிடம் யாரும் வீரம் காட்டக்கூடாது.)

முப்பது வெள்ளிப் பொருளில் முந்நூறு வெள்ளித் தரத்தை எதிர்பார்க்க முடியாது. பிக்ஸியின் குறைகள் ஊரறிந்தவை. ஒலியைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. ஒரு பொட்டென்ஷியோமீட்டர் சேர்த்தேன். சுவர் அடாப்டரில் ஓட்டினால் காதெல்லாம் ‘ஹம்’ இரைச்சல்; ஆட்டோகேட்டுக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மாற்றினேன், அடங்கியது. இருட்டிய பிறகு 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் அழைக்காமலே உள்ளே வந்து செய்தி வாசிக்கும். ஆன்டெனா வழியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்திசையும்படி ஒரு சுருளும் டிரிம்மரும் வைத்த பிறகு பாதி போனது. மீதி இன்னும் வருகிறது.

இவையெல்லாம் நம் காதுக்கு வரும் தொல்லைகள். கிட் வாங்கும் எல்லாரும் முதலில் இவற்றைத்தான் திருத்துகிறார்கள். என் கணக்கில் இவை இரண்டாவது வேலை. முதல் வேலை, ஆன்டெனாவுக்குப் போகும் வழியில் இருக்கும் வடிகட்டி.

7.023 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் எந்தக் கருவியும் கூடவே அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் நிழல் போலச் சிறு அலைகளை எழுப்பும். இரண்டு மடங்கு என்றால் 14.046, மூன்று மடங்கு என்றால் 21.069. இரண்டுமே ஹாம்கள் மோர்ஸில் பேசும் இடங்கள். எங்கோ தொலைவிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவர்கள் அங்கே இருப்பார்கள். அந்த நிழலை வெட்டுவதுதான் வடிகட்டியின் வேலை. என் பலகையில் அதற்கு இருந்தது இரண்டு கெப்பாசிட்டரும், பார்த்தால் ரெசிஸ்டர் போலவே இருக்கும் ஒரே ஒரு சுருளும். அரைகுறை வேலி.

என் தங்கை மகன் ஹாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நான் பலகையை மறுபடி பிரிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அரை வாட்டுதானே மாமா? அதுல ஒரு நிழலு. யாருக்குத் தெரியப்போகுது?”

நான் பதில் சொல்லவில்லை. என் பழைய சிற்றலை ரேடியோவை 14.046இல் வைத்துக் கொடுத்து, தெருக்கோடி வரை நடக்கச் சொன்னேன். மேசைப் பக்கத்திலேயே வைத்துக் கேட்டால், வலுவான சத்தத்தில் அந்த ரேடியோவே திணறி, இல்லாத நிழலையும் இருப்பதாகக் காட்டும். தூரம் போனால்தான் உண்மை தெரியும். அவன் நடந்தான், நான் மோர்ஸ் சாவியைத் தட்டினேன். கைபேசியில் குரல்:

“கடைசி வீட்டுக்கு வந்துட்டேன் மாமா. இங்கேயும் கேக்குது.”

அந்த இரவே புதிய வடிகட்டி. நான்கு கெப்பாசிட்டர், மூன்று சுருள். கெப்பாசிட்டர்கள் வரிசையாக 270, 680, 680, 270 பிக்கோஃபாரட். சுருள்களுக்கு ‘டி37-6’ என்ற மஞ்சள் வளையம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு. அதில் 21, 24, 21 சுற்று. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஹாம்கள் பல காலமாகப் பயன்படுத்தும் கணக்கு இது, என் கண்டுபிடிப்பு அல்ல. கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. இதை மறந்தால் எண்ணிக்கை பிசகிவிடும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்றையும் சுற்றி முடிக்கப் பதினொரு மணி.

இந்த வளையம் பாலோவில் கிடைக்காது, குளுவாங்கிலும் நான் பார்த்ததில்லை. தபாலில்தான் வரவழைக்க வேண்டும். இந்த இடத்தில் ஹைதராபாத்காரர் அஷார் ஃபர்ஹானை நினைத்துக்கொள்வேன். 2003இல், குரலிலேயே பேசக்கூடிய ‘பிட்எக்ஸ்’ என்ற கருவியை, சாதாரண மின்னணுக் கடைச் சாமான்களைக் கொண்டே செய்யும்படி வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து வைத்தவர். இப்படிப்பட்ட வளையங்கள் இந்தியாவில் எளிதில் கிடைக்காததால், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுருளைச் சுற்றச் சொன்னார்! மேற்கு நாட்டு ஹாம்களும் வாஷர் தேடி ஹார்ட்வேர் கடைக்குப் போனார்கள். இல்லாததைச் சொல்லி அழாமல் இருப்பதை வைத்து வேலை முடிப்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் காரணம்.

மறுநாள் மாலை பழைய சுருளைக் கழற்றிவிட்டு, புதிய வடிகட்டியைச் சிறு பலகையில் வைத்து இணைத்தேன். மருமகன் மறுபடி ரேடியோவோடு கிளம்பினான். நடுத்தெருவைத் தாண்டுவதற்குள் 14.046இல் சத்தம் இல்லை. 7.023இல் முன்பு போலவே கணீரென்று கேட்டது. திரும்பி வந்தவன் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மூணு மஞ்சள் மோதிரம்தானா மாமா?”

உரிமம் தருவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். தேவையில்லாத அலைகளைப் பற்றித் தேர்விலும் கேட்பார்கள், அவனும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவான். ஆனால் தெருக்கோடியில் தன் காதால் கேட்டதை இனி மறக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம், ரம்புத்தான் மரத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் நடுவே கட்டியிருக்கும் இருபது மீட்டர் கம்பி வழியாக, ஜாவாவிலிருந்து ஒருவர் எனக்குப் பதில் தந்தார். 339 என்றார், கேட்கிறது, ஆனால் சிரமப்பட்டுத்தான் என்று பொருள். அரை வாட்டுக்கு அது போதும்.

இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. சாவியைத் தட்டும்போது நான் அனுப்புவது எனக்கே சரியாகக் கேட்பதில்லை. ஒரு 555 ஐசியும் சின்ன ஒலிபெருக்கியும் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை ஈயம் வைக்கப்போவது மருமகன்.