மதுரையிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?



நம்ம தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது மதுரைதான். கம்பத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அதே மாதிரி இன்னொரு சின்ன விமான நிலையம் இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் பலாலி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆங்கிலேயர் கட்டியது. 1947-லேயே ஏர் சிலோன் விமானம் அந்த வழியாக மதராசுக்கு வந்திருக்கிறது. பிறகு சண்டையில் எல்லாம் நின்றுபோனது. 2019 நவம்பரில்தான் சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி விமானம் விட்டார்கள்.

இந்த ஊர் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. என் தோழி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறாள். அவளுடைய அம்மம்மாவுக்குச் சொந்த ஊர் பலாலிப் பக்கம். 1990-ல் சண்டை வந்தபோது படகில் ஏறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே வந்தார்களாம். தங்கச்சி மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் அட்லஸை விரித்துக் கணக்குப் போட்டோம். மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கே 9 டிகிரி 50 நிமிடத்தை ஒட்டித்தான். தீர்க்கக்கோட்டில் வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை. நம்ம பக்கம் ஒரு டிகிரிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். ஆக நேர்க்கோட்டில் 217 கிலோமீட்டர்தான்! மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன விமானத்துக்கு 26 நிமிடம். ஏறி இறங்குவதற்கும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். கம்பத்திலிருந்து தேனி போற பஸ்ஸுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுதே!

ஆனால் மதுரையிலிருந்து பலாலிக்கு நேர் விமானம் இல்லை. சென்னை போய்ப் போவதென்றால், முதலில் வடக்கே சுமார் 420 கிலோமீட்டர், பிறகு திரும்பித் தெற்கே 355 கிலோமீட்டர். 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் தொடங்கியது. அது வெறும் 184 கிலோமீட்டர்.

சந்தோஷமாக ஓடிப்போய் அம்மம்மாவிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "கிட்டத்தான் பிள்ளை கிடக்கு. ஆனா போகேலாது" என்றார். படகில் வந்தவர்களிடம் பாஸ்போர்ட் ஏது? முதலில் சென்னையில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கணும். அப்புறம் நம்ம நாட்டை விட்டுப் போக அனுமதி வாங்கணும். டிக்கெட் காசு வேற. போனால் திரும்பிப் பேத்தியிடம் வர முடியுமா என்பதுதான் அவருக்குப் பெரிய பயம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்தோம். அந்த வாய்ப்பாட்டின்படி முக்கால் மணி நேரம். அம்மம்மாவுக்கு 35 வருடம் ஆகியும் ஊர் வரவில்லை. இனி யாராவது என்னிடம் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி